ஊதுகிற டெஸ்டில் எண் ஏறவில்லை, மருந்தை நிறுத்தலாமா?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 64 வயது. முப்பது வருஷம் நெல் அரவை மில்லில் வேலை, பீடியும் இருந்தது, இப்போது இல்லை. சி.ஓ.பி.டி., அதாவது மூச்சுக்குழாய் நாள்பட்டுச் சுருங்கிப்போகிற நோய் என்று சொல்லி மூன்று மாதமாகத் தினம் ஒரு வேளை கேப்சூல் போட்டு இழுக்கிற மருந்து. போன வாரம் ஒரு இலவச முகாமில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு 'மருந்துக்கு மாற்றம் இல்லை' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், கூடவே ஒரு ஆள் வீட்டுக்கே வந்து இந்த மருந்து வீண், ஆக்சிஜன் மெஷின் வாங்கிவிடுங்கள் என்கிறாராம். அப்பாவோ முன்பு மூன்று இடத்தில் நின்று போன ரேஷன் கடைக்கு இப்போது ஒரே இடத்தில்தான் நிற்கிறேன் என்கிறார். நடக்க வைத்துப் பார்க்கிற டெஸ்ட் எடுத்தால் தெரியுமா என்பது கேள்வி.

முதலில் மருந்தை நிறுத்தாதீர்கள். அப்பா சொல்வதை நம்புங்கள்.

ஊதுகிற டெஸ்ட் பார்ப்பது முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்பதை. ஆஸ்துமாவில் மருந்து போட்டதும் அந்த எண் பெரும்பாலும் ஏறும். சி.ஓ.பி.டி.யில் ஏறாமலே இருக்கலாம், ஆனாலும் மருந்து வேலை செய்துகொண்டிருக்கும். வடிகால் தூர்ந்த வயலை நினைத்துப் பாருங்கள், உள்ளே நிற்கிற தண்ணீர் வடிவதற்குள் அடுத்த மடையைத் திறந்துவிட்டால் வயல் மூழ்குகிறதல்லவா, அதேபோல உங்கள் அப்பா வேகமாக நடக்கும்போது பழைய மூச்சு முழுசாக வெளியேறுவதற்குள் புது மூச்சு உள்ளே வந்து நெஞ்சு உப்பிப்போகிறது, அதற்கு மேல் இழுக்க இடமில்லாமல்தான் நிற்கிறார். மருந்து அந்த வடிகாலைக் கொஞ்சம் திறந்துவிடுகிறது. இது உட்கார்ந்து ஊதும்போது தெரியாது, நடக்கும்போதுதான் தெரியும்.

ஆகவே நடை டெஸ்ட் எடுக்கலாம். ஆறு நிமிட நடை என்பார்கள்: 30 மீட்டர் சமதளத்தில் அவரவர் வேகத்தில் போய்த் திரும்ப வேண்டும், நடுவில் நிற்கலாம், கடிகாரம் மட்டும் நிற்காது. தூரத்தையும், விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் காட்டுகிற ரத்த ஆக்சிஜன் அளவையும், மூச்சு எவ்வளவு வாங்கியது என்று அவரே 0 முதல் 10 வரை சொல்கிற எண்ணையும் குறிப்பார்கள். நடந்த மொத்தத் தூரம் முன்பைவிட 30 மீட்டர் அளவுக்குக் கூடினால் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். இதற்குப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம், ஒரு வராந்தாவும் இரண்டு நாற்காலியும் போதும், ஆனால் எத்தனையோ ஆஸ்பத்திரியில் அந்த வராந்தாவில் உடைந்த கட்டில் கிடக்கிறது. பில் போட முடியாத டெஸ்டுக்கு யார் இடம் ஒதுக்குவார்கள்?

தூரம் மட்டுமே பேசும் என்று எண்ணிவிடாதீர்கள். வேகத்தை அவரே தீர்மானிப்பதால் அதே தூரத்தைக் குறைவான இளைப்போடு நடந்திருப்பார், அதுவும் முன்னேற்றம்தான். ஒரே வேகத்தில் எவ்வளவு நேரம் தாங்குகிறார் என்று பார்க்கிற டெஸ்ட்கள் இதைவிட நன்றாகக் காட்டும், ஆனால் நம் பக்கத்தில் அவை கிடைப்பது அரிது. இன்னொரு பொறி இருக்கிறது. முதல் தடவையைவிட இரண்டாம் தடவை பெரும்பாலானவர்கள் கொஞ்சம் கூடுதலாக நடப்பார்கள், வழி பழகிவிடும், பயம் போய்விடும். அந்தக் கூடுதலைக் காட்டி விலை கூடின மருந்தைத் தலையில் கட்டுகிறவர்கள் உண்டு. இரண்டு முறை நடக்கவைத்து நல்லதை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், கடைசியாக எத்தனை மணிக்கு மருந்து இழுத்தார் என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

இதில் ஒரு விலக்கு இருக்கிறது, இதை யாருமே கேட்பதில்லை: முழங்கால். மூட்டை தூக்கி, களத்திலும் மில்லிலும் ஆயுசு பூராவும் நின்ற கால் அது. முழங்கால் வலியால் நின்றுவிட்டு 'முடியல' என்பார், எழுதுகிறவர் மூச்சு என்று எழுதிவிடுவார். அப்படி எழுதின தூரத்துக்கும் நுரையீரலுக்கும் சம்பந்தமே இல்லை, மருந்தை மாற்றினாலும் அது ஒரு மீட்டர் கூடாது. நின்றவுடனே கேளுங்கள்: மூச்சா, காலா? கால் என்றால் அந்த டெஸ்டைத் தள்ளிவிட்டு, குளிக்கும்போது, சட்டை மாட்டும்போது, படி ஏறும்போது எப்படி இருக்கிறது என்பதை வைத்துப் பேசுங்கள். சைக்கிள் மிதிக்கவைத்துப் பார்க்கலாமே என்பார்கள், அதுவும் அதே முழங்கால்தான். சமீபத்தில் மாரடைப்போ நெஞ்சுவலியோ வந்திருந்தால் டாக்டரிடம் சொல்லாமல் எந்த நடை டெஸ்டுக்கும் போகவேண்டாம்.

ஆக்சிஜன் மெஷின் பற்றி. பொதுவாக, சும்மா உட்கார்ந்திருக்கும்போது ரத்த ஆக்சிஜன் அளவு 88 சதவீதம் அல்லது அதற்குக் கீழேயே நின்றால்தான் வீட்டு ஆக்சிஜன் பற்றிப் பேச்சே, அதையும் ரத்தப் பரிசோதனை செய்து டாக்டர்தான் முடிவு செய்யவேண்டும். முகாம் ஆள் அந்த எண்ணைக் கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார். கமிஷன் மெஷினில்தான் இருக்கிறது. முன்பணம் எதுவும் கொடுக்காதீர்கள்.

சரி, இப்போதைக்கு நீங்கள் செய்யவேண்டியது: அதே ரேஷன் கடை வழி, அதே நேரம், வாரத்தில் இரண்டு நாள். எத்தனை நிமிஷம், எத்தனை இடத்தில் நின்றார், மூச்சு பத்துக்கு எவ்வளவு, காலா மூச்சா. ஒரு நோட்டில் எழுதி, முகாம் ரிப்போர்ட்டோடு மருந்து எழுதிக் கொடுத்த டாக்டரிடமே கொண்டு போங்கள், அந்தக் கேப்சூல் மெஷினையும் எடுத்துப்போய் அவர் முன்னால் ஒரு தடவை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள்.