25,000 மணி நேரம் என்று போட்டிருந்த பல்ப் ஏன் சீக்கிரம் போனது?

கேள்வி: ஹாலில் மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் 9 வாட்ஸ் எல்.இ.டி. பல்ப் போட்டிருந்தோம். தினமும் ஆறு மணி நேரம்தான் எரியும். பெட்டியில் 25,000 மணி நேரம் என்று இருந்தது. ஒன்றரை வருஷத்தில் போய்விட்டது. எத்தனை நாள் உழைக்கும் என்று வாங்கும்போதே கணிக்க முடியாதா?

பதில்: ஓரளவு முடியும். உங்கள் கணக்குப்படி அது 11 வருஷம் எரிந்திருக்க வேண்டும். ஆனால் எரிந்தது சுமார் 3,300 மணி நேரம்தான்.

பெட்டியில் உள்ள எண், பல்ப் அணையும் நாளைச் சொல்வதில்லை. வெளிச்சம் 70 சதவீதமாக மங்கும் காலத்தைத்தான் பெரும்பாலும் சொல்கிறது, எல்70 என்பார்கள். அதையும் முழுக்க எரியவிட்டுப் பார்ப்பதில்லை. சோதனைக்கூடத்தில், வெளிச்சம் தரும் எல்.இ.டி. சில்லுகளைக் குறைந்தது 6,000 மணி நேரம் எரியவிட்டு, மங்கும் வேகத்தை வைத்து மீதியைக் கணக்குப் போடுவார்கள். 'எல்.எம்.-80' என்பது இந்தச் சோதனைதான்.

சரி, சில்லு நன்றாக இருந்தும் பல்ப் ஏன் போகிறது? பெரும்பாலும் டிரைவர்தான் காரணம். அடிப்பகுதியில் இருக்கும் சின்ன சர்க்யூட் அது. அதில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர் என்ற பாகத்துக்குள் திரவம் இருக்கிறது. சூட்டில் அது மெல்ல வற்றும். 10 டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். மூடிய கூண்டுக்குள் சூடு வெளியேற வழியே இல்லை. உங்கள் பல்ப்பைக் கொன்றது கூண்டுதான் என்று நினைக்கிறேன். சாதாரண பல்ப்தான் வேண்டும் என்றால் கூண்டைத் திறந்து வையுங்கள், அல்லது வாட்ஸைக் குறையுங்கள். மூடிய கூண்டுக்கு ஏற்றது என்று பெட்டியிலேயே எழுதியிருந்தால் இன்னும் நல்லது.

கடையில் நான் முதலில் பார்ப்பது வாரண்டி. மணிக்கணக்கு எவ்வளவு வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். வாரண்டிக்குள் போனால் கம்பெனிதான் மாற்றித் தர வேண்டும். அதனால் ஒரு வருஷ வாரண்டியோடு 50,000 மணி நேரம் என்று போட்ட பல்ப்பை நான் தொடுவதில்லை. அப்புறம் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்கிறதா, சர்ஜ் (திடீரென எகிறும் மின்னழுத்தம்) தாங்கும் அளவு கிலோவோல்ட்டில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் 4 கிலோவோல்ட் தாங்குவது நல்லது.

போன பல்ப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 2 வருஷ வாரண்டி என்றால் இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. பில்லோடு கடைக்கு எடுத்துப் போங்கள். புதிதாக வாங்கும் பல்ப்பின் அடியில் மாட்டும் தேதியை மார்க்கரால் எழுதி வையுங்கள்.