கணக்கிட்ட புரதத் திணிவை விடக் கருவி 14 டால்டன் குறைவாகக் காட்டுவது ஏன்?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: புடையன் (கண்ணாடி விரியன்) பாம்பின் நஞ்சிலிருந்து பிரித்த பொஸ்போலிப்பேஸ் ஏ2 என்ற நொதியத்துக்கு, அமினோ அமில வரிசையை வைத்துக் கணக்கிட்ட திணிவை விட, மூலக்கூறுகளை நிறுக்கும் கருவியான திணிவு நிறமாலைமானி 14 டால்டன் குறைவாகக் காட்டுகிறது (ஒரு டால்டன் ஏறத்தாழ ஓர் ஐதரசன் அணுவின் திணிவு). கருவியில் பிழையா?

கருவியைச் சந்தேகிக்க முன் ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். அந்தப் புரதம் சுமார் 13,600 டால்டன். அதில் 14 என்றால் பத்து இலட்சத்தில் ஆயிரம் பங்கு. ஒழுங்காக அளவுதிருத்தம் செய்த நல்ல கருவி அவ்வளவு தவறாது. கணக்கில்தான் ஏதோ விடுபட்டிருக்கிறது.

இந்த நொதியத்தில் கந்தகம் உள்ள அமினோ அமிலமான சிஸ்ரீன் 14 இருக்கிறது. அவை சோடி சேர்ந்து, கந்தகத்தோடு கந்தகம் இணையும் 7 இருசல்பைட்டுப் பிணைப்புகளை ஆக்குகின்றன. ஒவ்வொரு பிணைப்பிலும் இரண்டு ஐதரசன் போய்விடும், அது 2.016 டால்டன். ஏழுக்கும் 14.11. வரிசையை மட்டும் கூட்டும் மென்பொருளுக்கு இது தெரியாது. உறுதிசெய்ய, பிணைப்புகளைத் தாழ்த்தி (ஐதரசனைத் திரும்பக் கொடுத்துப் பிரித்து), அவை மறுபடி சேராதபடி எல்லாச் சிஸ்ரீன்களிலும் அயடோஅசற்றமைட்டு என்ற சேர்வையை ஏற்றுங்கள். திரும்பிய ஐதரசனும் ஒட்டிய கூறுகளும் சேர்ந்து, இப்போது இருக்கும் திணிவிலிருந்து ஏறத்தாழ 813 டால்டன் கூட வேண்டும். கூடினால் சந்தேகமே வேண்டாம்.

எனக்குப் பயம் தருவது வேறொன்று. மெதியோனின் என்ற அமினோ அமிலம் ஒன்று ஒட்சியேறினால் (ஓர் ஒட்சிசன் அணு சேர்ந்தால்) 15.995 கூடும். அது உங்கள் 14.11 குறைவோடு சேர்ந்தால் வித்தியாசம் 2 டால்டனுக்குள் வந்துவிடும், எல்லாம் சரி என்றே தோன்றும். இரண்டு பிழைகள் ஒன்றையொன்று மறைக்கும் இடம் இது.

மற்றவை சுருக்கமாக: சராசரித் திணிவுக்குப் பதிலாக மிக இலேசான சமதானிகளின் (ஒரே மூலகத்தின் திணிவு வேறான அணுக்களின்) திணிவை எடுத்தால் இந்த அளவுப் புரதத்தில் சுமார் 9 டால்டன் குறையும். சோடியம் ஒட்டினால் 22 கூடும். தரவுத்தள வரிசையில் சமிக்ஞைப் பகுதியை (முதிர்ந்த புரதத்தில் இல்லாத தொடக்கத் துண்டை) வெட்டாமல் விட்டால் ஆயிரத்துக்கு மேல் பிசகும். ஏற்ற எண்ணை (மூலக்கூறு கருவிக்குள் சுமக்கும் மின்னேற்றங்களின் எண்ணிக்கையை) பிழையாக எடுத்தாலும் பெரிதாகப் பிசகும். அந்த ஏற்றத்தைத் தரும் புரோத்தனுக்குப் பதில் ஐதரசன் அணுவின் திணிவைப் போடுவது இங்கே பொருட்டல்ல, ஒரு ஏற்றத்துக்கு 0.00055தான்.

இதில் கவனமாக இருங்கள் என்று நான் கேட்பதற்குக் காரணம் உண்டு. இலங்கையின் வன்னியில் வயலில் இறங்குபவர்களுக்குப் புடையன் கடி புதிதல்ல. இங்கே ஏற்றும் நஞ்சுமுறி மருந்து பெரும்பாலும் இந்தியப் பாம்புகளின் நஞ்சை வைத்துச் செய்தது. எங்கள் பாம்பின் புரதம் அதிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்று சொல்ல வந்தால், ஓர் அமினோ அமில மாற்றமும் 14 டால்டனாக இருக்கலாம்: கிளைசின் இருக்கும் இடத்தில் அலனின் வந்தாலே 14.03 கூடும். ஆகவே முதலில் பிணைப்புகளைக் கழித்து, அப்புறம் மீதியை ஒப்பிடுங்கள்.