பழைய கோல்ஃப் வண்டிக்குப் பெட்ரோல் மீட்டர்: கேள்வி பதில்

ராமநாதபுரத்தில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். மண்டபம் பக்கம் விடுதிகளிலும், கீழக்கரை பக்கம் தென்னந்தோப்புகளிலும் பழைய பெட்ரோல் கோல்ஃப் வண்டிகள் ஓடுகின்றன. அவற்றின் டேஷ்போர்டில் பெட்ரோல் மீட்டர் வைப்பது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த வரிசையில் பதில் எழுதுகிறேன். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: டேங்க் பக்கம் கை வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். இதைக் கடைசியிலும் சொல்வேன்.

மண்டபம், விடுதி மேற்பார்வையாளர்: வண்டியில் பெட்ரோல் எவ்வளவு என்று பார்க்க, விருந்தினரை இறக்கிவிட்டு சீட்டைத் தூக்க வேண்டியிருக்கிறது. டேங்க் தலையில் ஒரு சின்ன முள் மட்டும்தான் உண்டு. டேஷ்போர்டில் மீட்டர் வைக்க முடியுமா? என்னென்ன வாங்க வேண்டும்?

முடியும். டேங்க் தலையில் முள் இருப்பதே நல்ல செய்தி. அந்த முள்ளைக் கழற்றினால் உள்ளே ஃப்ளோட் (பெட்ரோலில் மிதக்கும் மிதவை) இறங்க ஏற்கெனவே ஓட்டை இருக்கும். டேங்கை வெட்டத் தேவையில்லை. அந்த இடத்தில் உட்காரும் டேங்க் யூனிட் ஒன்று, டேஷ்போர்டுக்கு மீட்டர் ஒன்று, கசியாமல் அடைக்கும் கேஸ்கட், வயர், சின்ன ஃபியூஸ். இவ்வளவுதான் சாமான். வாங்கும் முன் ஓட்டையின் விட்டம், திருகுகளின் இடைவெளி, டேங்கின் ஆழம் மூன்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

மீட்டரையும் டேங்க் யூனிட்டையும் ஒரே ஜோடியாக வாங்குங்கள். நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். டேங்க் யூனிட் என்பது ஃப்ளோட் ஏற இறங்க ரெசிஸ்டன்ஸ் (மின்தடை, ஓம்ஸ் கணக்கில் அளப்பது) மாறும் ஒரு கருவி. அந்த ரெசிஸ்டன்ஸைத்தான் மீட்டர் படிக்கிறது. அமெரிக்க முறையில் டேங்க் காலியானால் 240 ஓம்ஸ், நிறைந்தால் 33 ஓம்ஸ். ஐரோப்பிய முறையில் தலைகீழ்: காலிக்கு 10, நிறைந்தால் 180. ஒரு வகை யூனிட்டுக்கு இன்னொரு வகை மீட்டரைப் போட்டால் பெட்ரோல் குறையக் குறைய முள் ஏறும். எதைப் பொருத்தினாலும் முதலில் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, யூனிட்டை வெளியில் வைத்து, ஃப்ளோட்டை மேலும் கீழும் கையால் அசைத்து அளந்துவிடுங்கள். நடுவில் எங்கும் எண் துள்ளாமல் சீராக மாற வேண்டும்.

வயரிங் எளிது. மீட்டரின் பின்னால் மூன்று முனை. ஐ (I) என்று போட்டிருப்பது சாவிக்குப் பின் வரும் 12 வோல்ட். எஸ் (S) என்பது டேங்க் யூனிட்டுக்குப் போகும் வயர். ஜி (G) என்பது எர்த், அதாவது பேட்டரியின் நெகட்டிவ் பக்கம். ஐ முனைக்கு நேராக பேட்டரியிலிருந்து லைன் எடுக்காதீர்கள். மீட்டர் 0.1 ஆம்பியர் அளவுக்கு இழுத்தால்கூட ஒரு வாரத்தில் சுமார் 17 ஆம்பியர் ஹவர் போய்விடும். சீசன் இல்லாத மாதத்தில் வண்டி ஷெட்டில் நின்றால் பேட்டரி செத்துவிடும். சாவியைத் திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் இடத்தில் சேருங்கள். நடுவில் 2 ஆம்பியர் ஃபியூஸ்.

அப்புறம் எர்த். கோல்ஃப் வண்டியின் மேல் உடம்பு பிளாஸ்டிக் அல்லது ஃபைபர், டேங்கும் பிளாஸ்டிக். காரில் பாடியில் திருகிவிடுவதுபோல இங்கே திருகினால் எங்கும் போய்ச் சேராது. மீட்டருக்கு ஒன்று, டேங்க் யூனிட்டுக்கு ஒன்று என்று தனித்தனி கறுப்பு வயரை பேட்டரியின் நெகட்டிவ் வரை கொண்டுபோங்கள். கிளப் கார் கம்பெனியின் பழைய மாடல்களில் சேசிஸ் (அடிச்சட்டம்) அலுமினியம். அதில் இரும்புத் திருகு போட்டு எர்த் எடுத்தால், நம் ஊர் உப்புக் காற்றில் திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி கட்டி, கொஞ்ச காலத்தில் முள் ஆடத் தொடங்கும். வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கிடைத்தால் அதையே போடுங்கள். முனைகளில் சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் டியூப், மேலே கொஞ்சம் வேஸ்லின்.

கடைசியாக ஒரு வேலை. டேங்க் காலியாக இருக்கும்போது சமதரையில் நிறுத்தி, 2 லிட்டர் 2 லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் நிற்கும் இடத்தைக் குறித்துவையுங்கள். டேங்க் நேர்ப்பெட்டி அல்ல, பக்கங்கள் சரிந்திருக்கும். முள் பாதியில் நின்றால் பெட்ரோலும் பாதி என்று நினைக்கக் கூடாது. அந்தக் குறிப்பை டேஷ்போர்டில் ஒட்டிவிட்டால் எந்த டிரைவர் ஏறினாலும் புரியும்.

கீழக்கரை, தோப்பு உரிமையாளர்: காக்கா (அண்ணே), மீட்டர் போட்டாச்சு. முள் எப்போதும் ஃபுல்லிலேயே நிற்கிறது. மீட்டர் போச்சா?

மீட்டர் போயிருக்க வாய்ப்பு குறைவு. உங்களிடம் 240-33 வகை இருந்தால், எஸ் வயர் எங்கோ தோல் உரிந்து எர்த்தில் படுகிறது, இல்லையென்றால் யூனிட்டில் கோளாறு. டேங்க் பக்கம் அந்த வயரைக் கழற்றிப் பாருங்கள். முள் கீழே விழுந்தால் மீட்டரும் வயரும் நலம், யூனிட்டில் கோளாறு. விழாவிட்டால் வயர்தான். 10-180 வகை என்றால் கதை மாறும்: வயர் அறுந்தாலே முள் ஃபுல்லுக்குப் போய்விடும். அதனால்தான் கடற்கரை ஊருக்கு நான் 240-33 வகையைச் சொல்வேன். உப்பில் வயர் அறுந்தால் அது காலி என்று காட்டும். நீங்கள் பயந்துபோய்ப் பெட்ரோல் போடுவீர்கள். இன்னொரு வகை நிறைந்திருக்கிறது என்று பொய் சொல்லி நடுவழியில் நிறுத்தும்.

ஒரு எச்சரிக்கை. பேட்டரியிலிருந்து 12 வோல்ட்டை நேராக டேங்க் யூனிட்டின் முனையில் வைத்து டெஸ்ட் பண்ணாதீர்கள். உள்ளே இருக்கும் ரெசிஸ்டன்ஸ் கம்பி கருகும். அது நடப்பது பெட்ரோல் ஆவிக்கு நடுவில்.

உச்சிப்புளி: எங்கள் வண்டியில் முள் எழும்பவே மாட்டேன் என்கிறது.

240-33 என்றால் டேங்க் யூனிட்டின் எர்த் விட்டுப்போயிருக்கலாம். அதை முதலில் பாருங்கள்.

ராமேஸ்வரம், விடுதி ஊழியர்: எங்களுடையது பேட்டரி வண்டி, 48 வோல்ட். அதற்கும் இதே மீட்டர் ஆகுமா?

ஆகாது. உங்களுக்கு வேண்டியது சார்ஜ் மீட்டர். லெட் ஆசிட் பேட்டரி என்றால் 48 வோல்ட் மீட்டரே தனியாகக் கிடைக்கிறது. முழு சார்ஜில் ஓய்வில் 51 வோல்ட்டுக்கு ஒட்டி இருக்கும், 48.4 அளவுக்கு வந்தால் பாதி. வண்டி ஓடும்போது வோல்ட் இறங்கித்தான் காட்டும். நிறுத்திக் கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள். லித்தியம் போட்டிருந்தால் வோல்ட்டைப் பார்த்துப் பயனில்லை. ஏறக்குறைய கடைசி வரை ஒரே வோல்ட் காட்டிவிட்டுச் சட்டென்று விழும். அதற்கு ஷன்ட் (போகும் கரண்டை அளக்க லைனில் வைக்கும் சின்ன ரெசிஸ்டன்ஸ்) வைத்து ஆம்பியரைக் கணக்குப் பண்ணும் மீட்டர் வேண்டும். 12 வோல்ட் மீட்டருக்காக ஒரே ஒரு பேட்டரியிலிருந்து லைன் எடுக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். அந்த ஒரு பேட்டரி மட்டும் முந்திக் கெடும்.

பரமக்குடி: பழைய மாருதி வேன் மீட்டர் கையில் இருக்கிறது. அதைப் போடலாமா?

அந்த வேனின் டேங்க் யூனிட்டும் இருந்தால் ஃப்ளோட்டை முழுக்க மேலே ஒரு தரம், முழுக்க கீழே ஒரு தரம் வைத்து ஓம்ஸ் அளந்து எழுதுங்கள். உங்கள் டேங்க் யூனிட்டும் அதே எண் காட்டினால் போடலாம். மீட்டர் மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள்.

தங்கச்சிமடம்: ஒரு குச்சியை விட்டுப் பார்த்தால் பெட்ரோல் தெரிந்துவிடும். எங்கள் படகில் டீசலைக் காலமெல்லாம் கம்பு விட்டுத்தான் பார்க்கிறோம். இந்த வயர், ஓம்ஸ் எல்லாம் வீண் செலவு.

அண்ணே, கம்பு பொய் சொல்லாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கோல்ஃப் வண்டியில் கம்பு விட டேங்க் மூடியைத் திறக்க வேண்டும். கச்சான் காற்றில் மணல் பறக்கும் இடத்தில் ஒரு நாளைக்கு நாலு தரம் மூடியைத் திறந்தால் அந்த மணல் கார்புரேட்டருக்குத்தான் போகும். இருட்டில் பார்க்கிறவர் கையில் என்ன வெளிச்சம் இருக்கும் என்றும் எனக்குக் கவலை. டீசல் சட்டென்று பிடிக்காது, பெட்ரோல் அப்படியில்லை.

கீழக்கரைக்காரர் (மறுபடி): காக்கா சொல்வது சரி. எங்கள் தோட்டக்காரர் குச்சியை மண்ணில் ஊன்றி வைத்துவிட்டு அப்படியே டேங்கில் விடுவார்.

பாம்பன், நாட்டுப்படகு: குச்சியைக் குறை சொல்லாதீர்கள். மீட்டரை நம்பிக் கடலுக்குப் போனவனுக்குத்தான் தெரியும். அலையில் முள் பேயாட்டம் ஆடும். பாக் நீரிணையில் டீசல் தீர்ந்து இஞ்சின் நின்றால் நீரோட்டம் எங்கே இழுக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

தெரியும். அதனால் படகு விஷயத்தில் நான் உங்கள் பக்கம். கரையில் கம்பு விட்டுப் பார்த்து, கூடவே ஒரு கேனில் தனியாக டீசல் எடுத்துப் போகாமல் யாரும் எல்லைக் கோட்டுப் பக்கம் போகக் கூடாது. மீட்டர் அதற்கு மாற்று அல்ல. ஆனால் கடலுக்குள் இருக்கும்போது, மூடியைத் திறக்காமல் சுமாராகத் தெரிந்துகொள்ள மீட்டர் உதவும். முள் ஆடுவதற்கு வழி இருக்கிறது: கை நீட்டிய ஃப்ளோட்டுக்குப் பதிலாக குழாய்க்குள் ஏறி இறங்கும் ஃப்ளோட் வகை யூனிட் போடுங்கள். டீசல் குழாய்க்குள் மெதுவாகத்தான் ஏறி இறங்கும் என்பதால் அலை முள்ளுக்குத் தெரியாது. டேங்கின் ஓரத்தில் வைக்காமல் நடுவில் வைத்தால் படகு சாய்ந்தாலும் அளவு அதிகம் மாறாது. குழாயின் நீளம் டேங்கின் அடியைத் தொடாத அளவுக்கு இருக்க வேண்டும். அடியில் தங்கும் தண்ணீரும் கசடும் உள்ளே ஏறக் கூடாது.

தொண்டி: டேங்க் பக்கவாட்டில் கண்ணாடிபோல ஒரு பிளாஸ்டிக் டியூப் மாட்டிவிட்டால் போதாதா? கம்பும் வேண்டாம், மீட்டரும் வேண்டாம்.

டீசலுக்கு, மேலும் கீழும் வால்வு வைத்து, அடி வால்வைப் பார்க்கும்போது மட்டும் திறப்பதாக இருந்தால் செய்யலாம். பெட்ரோலுக்கு வேண்டவே வேண்டாம். வெயிலில் அந்த டியூப் இறுகி மஞ்சளாகி ஒரு நாள் வெடிக்கும். அப்போது டேங்கில் உள்ளது முழுக்க கீழே, சூடான சைலன்சர் பக்கத்தில்.

தங்கச்சிமடம் (மறுபடி): சரி, வண்டிக்கு மீட்டர், படகுக்குக் கம்பு. அப்படித்தானே?

வண்டிக்கு மீட்டர், படகுக்குக் கம்பும் மீட்டரும் இரண்டும். இதைப் பற்றி இன்னும் ஏழெட்டுப் பேர் எழுதியிருக்கிறார்கள். எல்லோருக்கும் இதுவே பதில்; மேலே போகலாம்.

தேவிபட்டினம்: எங்கள் டேங்கில் ஓட்டையே இல்லை. டிரில் போட்டு வெட்டலாமா?

வேண்டாம். காலி டேங்க் என்று நினைப்பீர்கள். உள்ளே இருக்கும் ஆவிதான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து. யூனிட்டுக்கு இடம் உள்ள டேங்க் பழைய சாமான் விற்கும் இடத்தில் கிடைக்கும். அதை மாற்றுங்கள்.

ஏர்வாடி: மீட்டர் ஃபுல்லிலேயே நிற்கிறது, என்ன செய்ய?

மேலே கீழக்கரைக்காரருக்கு எழுதியதைப் படியுங்கள்.

திருப்புல்லாணி: இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஃப்ளோட்டைக் கெடுக்குமா?

நல்ல கேள்வி. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் விற்பனைக்கு வரத் தொடங்கியது. இப்போது பெரும்பாலும் அதுதான். பழைய வண்டிகள் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பழைய ரப்பர் ஹோஸ் உப்பிப்போகும், பழைய கேஸ்கட் கசியும். டேங்க் யூனிட் மாட்டும்போதே பெட்ரோலுக்கும் எத்தனாலுக்கும் தாங்கும் புது கேஸ்கட் போட்டுவிடுங்கள். கார்க் கேஸ்கட்டைத் திரும்பப் போடாதீர்கள். பெட்ரோல் லைன் ஹோஸ்களையும் அதே கையோடு மாற்றுங்கள்.

இன்னொரு விஷயம், எத்தனால் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். நம் கடற்கரைக் காற்றில் பாதி டேங்கோடு வண்டி மாதக்கணக்கில் நின்றால், சேர்ந்த தண்ணீர் எத்தனாலோடு பிரிந்து அடியில் தங்கும். அதில் யூனிட்டின் கம்பி துருப்பிடிக்கும். கொஞ்ச நாளில் முள் ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ளும். நீண்ட நாள் நிறுத்தும் வண்டியில் டேங்கை நிறைத்து வையுங்கள், இல்லையென்றால் முழுக்க இறக்கிவிடுங்கள். பாதியில் விடாதீர்கள். எத்தனால் விஷயத்தை யாரும் கேட்கவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபுல்லில் நிற்கும் முள்ளைவிட இது பெரிய பிரச்சினை.

ராமேஸ்வரம்: மீட்டர் போட்டபின் வண்டியை தனுஷ்கோடி ரோட்டில் பயணிகளுக்கு ஓட்டலாமா?

அது ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்க வேண்டியது. பதிவு இல்லாத வண்டி வளாகத்துக்குள் ஓடுவதற்குத்தான். தேசிய நெடுஞ்சாலையில் ஏற்றாதீர்கள்.

சாயல்குடி: முள் மேடு பள்ளத்தில் ஆடுகிறது.

மெதுவாக நகரும்படி செய்த மீட்டர் இருக்கிறது, கடையில் கேட்டு வாங்குங்கள். இருக்கிற மீட்டரை மாற்ற வேண்டாம் என்றால், பாம்பன்காரருக்குச் சொன்ன குழாய் வகை யூனிட்.

மண்டபம் (மறுபடி): சாமான் வந்துவிட்டது. எந்த நேரத்தில் மாட்டுவது நல்லது?

டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும் நாளில், காலையில், வெளியில் நிழலில் வைத்து. ஷெட்டுக்குள் வேண்டாம். பக்கத்தில் சமையல்கட்டோ வெல்டிங்கோ இருந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போங்கள்; ஸ்டார்ட் பண்ணி ஓட்டிப் போகாதீர்கள். பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றியாச்சா என்று கையால் தொட்டுப் பார்த்துவிட்டு முதல் திருகைத் தொடுங்கள். மாட்டி முடித்ததும் கேஸ்கட் ஓரத்தில் ஈரம் கசிகிறதா என்று பார்க்க டேங்கை நிறைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். காய்ந்து இருந்தால் நெகட்டிவ்வைத் திரும்பச் சேர்த்து, சாவியைத் திருப்புங்கள்.