சொந்த மைதானம் என்றால் ஐந்து சனிக்கிழமை

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். அம்பாசமுத்திரம், தென்காசி, பாளையங்கோட்டை, கோவில்பட்டி, தூத்துக்குடி, நாகர்கோவில் என்று ஆறு ஊர் சேர்ந்து ஒரு கூடைப்பந்து லீக் நடத்தப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆட்டக்காரர்களுக்கு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று காசும் உண்டு. ஒவ்வோர் அணியும் மற்ற அணிகளோடு உள்ளூரில் ஒன்று, வெளியூரில் ஒன்று ஆட வேண்டும். அம்பை அணிக்குச் சொந்த மைதானம் பார்ப்பது என் பொறுப்பு. கைவசம் மூன்று வழி: பள்ளிக்கூடத்து சிமெண்ட் கோர்ட், எங்கள் சித்தப்பா புதிதாகக் கட்டியிருக்கும் கல்யாண மண்டபம், இல்லையென்றால் பாளையங்கோட்டையில் உள்ளரங்கம் ஒன்றை வாடகைக்கு எடுப்பது. கூரை இல்லாத இடத்தில் நடத்தினால் லீக்குக்கு மதிப்பே இருக்காது என்கிறார்கள். எதை எடுக்கலாம்?

பதில்: தம்பி, முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஆறு அணி, இரட்டைச் சுற்று என்றால் மொத்தம் 30 ஆட்டம். உங்கள் அணிக்கு 10. அதில் உள்ளூரில் 5. ஆக நீங்கள் தேடுவது ஐந்தே ஐந்து சாயங்காலம், மழைக்கென்று கூடுதலாக இரண்டு. இந்த ஏழு தேதியையும் யார் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறார்களோ, அவர்கள் இடம்தான் உங்கள் சொந்த மைதானம். என் ஓட்டு பள்ளிக்கூடத்துக்கு.

மதிப்பு பற்றிச் சொன்னீர்களே, அதையும் பார்ப்போம். 2009இல் தொடங்கிய ஆசியான் கூடைப்பந்து லீக்கில் பல நாட்டுத் தொழில்முறை அணிகள் ஆடின. அதில் வியட்நாமின் சைகோன் ஹீட் அணிக்குச் சொந்த அரங்கம் எது தெரியுமா? ஹோ சி மின் நகரத்தில் ஒரு சர்வதேசப் பள்ளியின் அரங்கம். சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ் அணி 12,000 பேர் உட்காரும் இண்டோர் ஸ்டேடியத்தில் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு 3,000 பேருக்கான ஓசிபிசி அரினாவுக்கு மாறிக்கொண்டது. காலி நாற்காலிகளுக்கு நடுவே ஆடுவதைவிட நிறைந்த சின்ன அரங்கம் மேல். பிலிப்பைன்ஸின் அலாப் அணி ஒரே இடத்தில் நிலைக்காமல் ஊர் ஊராக மாறி ஆடியது. நம் நாட்டிலும் ஐஎன்பிஎல் என்கிற இந்திய தேசிய கூடைப்பந்து லீக்கில், சென்னை ஹீட் அணி முதல் பட்டம் வென்ற சீசனில் உள்ளூர் வெளியூர் என்ற முறையே கிடையாது. எல்லா அணிகளும் ஒரு நகரத்தில் கூடி ஆடிவிட்டு அடுத்த நகரத்துக்குப் போயின. அப்படி நடத்தினால் செலவு குறையும். ஆனால் அம்பைக்காரர்கள் தங்கள் அணியைத் தங்கள் ஊரில் பார்க்க முடியாது. கூரையைப் பொறுத்தவரை, பெரியகுளத்தில் கோடையில் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். திறந்தவெளி, மின்விளக்கு, சுற்றிலும் ஜனம். மதிப்புக்கு என்ன குறைச்சல்?

சித்தப்பா மண்டபத்தை அவர் மனம் நோகாமல் விட்டுவிடுங்கள். கோர்ட் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். சுற்றிலும் 2 மீட்டர் காலி இடம் வேண்டும். அப்படியானால் 32க்கு 19. நடுவில் தூண் இல்லாமல் 19 மீட்டர் அகலம் உள்ள மண்டபம் நம் பக்கம் அபூர்வம். மேலே 7 மீட்டருக்கு எதுவும் இருக்கக் கூடாது. ஃபால்ஸ் சீலிங்கும் சரவிளக்கும் அதற்கு முன்பே வந்துவிடும். இதையெல்லாம் தாண்டினாலும் தரை ஒத்துவராது. பளபளக்கும் கிரானைட்டில் வேகமாக ஓடி வந்து நின்று திரும்பினால் முழங்கால் போய்விடும். முதல் நாள் பந்தியில் சிந்திய எண்ணெய் வேறு. அப்புறம் தை, மாசி, பங்குனி முகூர்த்தக் காலம். ஞாயிறு கல்யாணம் என்றால் சனிக்கிழமை சாயங்காலமே வரவேற்பு. உங்கள் ஆட்டமும் அதே சனிக்கிழமைதானே?

பாளையங்கோட்டை உள்ளரங்கத்துக்குப் போனால் வேறு சிக்கல். ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தாண்டி, எதிரணியின் ஊரிலேயே நீங்கள் ‘உள்ளூர்’ ஆட்டம் ஆடுவீர்கள். கைதட்டு யாருக்கு விழும்? அந்த இரண்டு மழைத் தேதியிலும் பள்ளிக்கூடத்தில் ஆட முடியாமல் போனால் உதவட்டும் என்று மட்டும் அதைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருவோம். போகும்போது ஸ்டீல் டேப், ரசமட்டம், நல்ல பந்து ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். துணி டேப் வேண்டாம், இழுத்தால் நீளும். வளையத்தின் மேல்விளிம்பு தரையிலிருந்து 3.05 மீட்டர் இருக்க வேண்டும். நான் அளந்த ஒரு கோர்ட்டில் 2.97தான் வந்தது. தளம் இரண்டு தடவை மேலே மேலே போட்டிருந்தார்கள். வளையம் தாங்கும் போஸ்ட்டை யாரும் உயர்த்தவில்லை. அந்த ஊர்ப் பையன்கள் உள்ளூரில் தாவிப் பந்தை வளையத்துக்குள் திணித்து டங்க் அடிப்பார்கள், வெளியூர் போனால் வளையத்தில் கையை இடித்துக்கொண்டு வருவார்கள். ரசமட்டத்தை வளையத்தின் மேல் நீளவாக்கிலும் குறுக்கிலும் வைத்துப் பாருங்கள். பையன்கள் தொங்கித் தொங்கி முன்பக்கம் சாய்ந்திருக்கும்.

அடுத்து கோடு. பழைய கோர்ட்டாக இருந்தால் வளையத்துக்குக் கீழே உள்ள கட்டம் எண்ட் லைன் (வளையத்துக்குப் பின்னால் உள்ள எல்லைக் கோடு) பக்கம் அகன்று, ஃப்ரீ த்ரோ கோட்டுப் பக்கம் குறுகி இருக்கும். அந்த வடிவம் 2010இலேயே போய்விட்டது. இப்போது அது நீள்சதுரம், 4.9 மீட்டர் அகலம். மூன்று புள்ளிக் கோடும் அதே ஆண்டில் 6.25இலிருந்து 6.75 மீட்டருக்குத் தள்ளிப் போனது. வாலிபால் கோடு, பேட்மிண்டன் கோடு எல்லாம் குறுக்கே ஓடினால் ரெஃப்ரிக்கே தலை சுற்றும். உங்கள் கோட்டை மட்டும் அழுத்தமான ஒரே நிறத்தில் தீட்டுங்கள்.

போஸ்ட்டைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். விதிப்படி கம்பம் எண்ட் லைனுக்கு 2 மீட்டர் வெளியே நிற்க வேண்டும், வளையம் மாட்டிய போர்டு 1.2 மீட்டர் உள்ளே நீண்டு வர வேண்டும். பள்ளிக்கூடங்களில் பெரும்பாலும் கம்பம் கோட்டை ஒட்டியே நிற்கும். ஓடி வந்து வளையத்தடியில் லே-அப் அடித்துவிட்டு ஓடுகிறவன் நேராக அதில் போய் மோதுவான். 2.15 மீட்டர் உயரத்துக்கு ஃபோம் வைத்து ரெக்சின் சுற்றுவது கட்டாயம். ஆனால் கம்பம் ஒரு மீட்டருக்குள் நின்றால் ஃபோமை நம்பாதீர்கள். பெயர்த்துத் தள்ளி நட்டுவிடுங்கள். காசு செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

பந்தை அதன் அடிப்பக்கம் 1.8 மீட்டர் உயரத்தில் இருக்கும்படி பிடித்து விடுங்கள். தரையில் பட்டு எழும்பும்போது பந்தின் மேல்பக்கம் 1.2க்கும் 1.4க்கும் நடுவே வர வேண்டும். கோர்ட் முழுக்க நாலு எட்டுக்கு ஒரு தடவை இதைச் செய்யுங்கள். சில இடத்தில் ‘தொப்’ என்று சத்தம் மாறும், பந்து எழும்பாது. அங்கே தளம் உள்ளுக்குள் பெயர்ந்திருக்கிறது என்று அர்த்தம். எதிரணிக்குத் தெரியாமல் அதை நம் பலமாக வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் யோசனை சொல்வார். கேட்காதீர்கள், கால் மடங்குவது இரண்டு பக்கத்துக்கும் பொது.

விளக்கு எல்இடியாக இருக்கட்டும். பழைய மெட்டல் ஹாலைடு விளக்கு ஒரு தடவை கரண்ட் போய் வந்தால் மறுபடி எரியப் பல நிமிஷம் ஆகும். அதற்குள் ஆட்டக்காரர்கள் உடம்பு ஆறிவிடும். கம்பங்கள் பக்கக் கோட்டை ஒட்டி இருக்கட்டும். போர்டுக்குப் பின்னால் விளக்கு நின்றால் எறிகிறவன் கண்ணில் அடிக்கும். கோர்ட் கிழக்கு மேற்காக இருந்தால் சாயங்கால வெயிலும் கண்ணில் அடிக்கும், ஆட்டத்தை 6.30க்கு முன்னால் தொடங்காதீர்கள். மழை பெய்த மறுநாள் ஈசல் வரும். இறகும் உடம்புமாகத் தரையில் மிதிபட்டால் எண்ணெய் ஊற்றியது போல வழுக்கும். கோர்ட் விளக்கைப் போடுவதற்கு முன்பே மைதானத்தின் மறுமூலையில் ஒரு விளக்கை எரியவிடுங்கள், பாதி அங்கே போய்விடும். மீதிக்கு நனைத்துப் பிழிந்த கோணிச் சாக்கு. தூசிக்கும் அதுவேதான், ஒவ்வொரு இடைவேளையிலும் இரண்டு பேர் இழுக்க வேண்டும்.

தேதியைப் பொங்கல் கழிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று. தென்காசிக்காரர்கள் எறிகிற பந்து எங்கே விழும் என்று அவர்களுக்கே தெரியாது. மார்ச்சில் பொதுத்தேர்வு. பள்ளி தேர்வு மையமாக இருந்தால் சாயங்காலம்கூட உள்ளே விடத் தயங்குவார்கள். ஆகவே உள்ளூர் ஆட்டம் ஐந்தில் நாலைப் பிப்ரவரிக்குள் கேட்டு வாங்கிவிடுங்கள். பங்குனி உத்திரத்தை ஒட்டி ஆட்டமே வேண்டாம். அன்றைக்கு எல்லாரும் அவரவர் சாஸ்தா கோவிலில் பொங்கல் வைத்துக்கொண்டிருப்பார்கள், கேலரியில் நீங்களும் நானும்தான் இருப்போம்.

கடைசியாக, தாளாளரிடம் வாங்கும் கடிதத்தில் ஏழு தேதியோடு இன்னொன்றும் எழுதி வாங்குங்கள்: சாவி யாரிடம் என்று. ஒரு தடவை இரண்டு அணியும் வார்ம்-அப் முடித்து நிற்கிறோம். சுவிட்ச் போர்டு அறைச் சாவி வள்ளியூரில் ஒரு கல்யாண வீட்டில், பி.டி. சாரின் சட்டைப் பையில் இருந்தது. 6 மணி ஆட்டம் 7.40க்குத் தொடங்கியது. விளக்கு அறை, கழிப்பறை, தண்ணீர் மோட்டார் மூன்றின் மாற்றுச் சாவியும் வாட்ச்மேனிடம் இருக்க வேண்டும். அவருக்கும் முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டுவிடுங்கள்.