பின்வரிசையில் நிற்கும் மகள்

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. போன வருடம் இங்கே ஒரு பாலே குழுவில் வேலைக்குச் சேர்ந்தாள். வீட்டுக்கு வந்தால் மூலையில் உட்கார்ந்து ஷூ தைக்கிறாள், பேச்சே இல்லை. "நல்லா ஆடினே" என்றால் எரிந்து விழுகிறாள். சாப்பாடு குறைந்துவிட்டது. கால் வலி என்கிறாள், டாக்டரிடம் வர மறுக்கிறாள். பரதநாட்டிய அரங்கேற்றத்தில் தனியாக இரண்டு மணி நேரம் ஆடிய பிள்ளை, இப்போது பின்வரிசையில் நிற்கிறாள். இது கர்வமா, மனக்கசப்பா?
— ஒரு தாய், லண்டன்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

இரண்டும் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. முதலில் அந்தப் பின்வரிசையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அரங்கேற்றத்தில் எல்லோர் கண்ணும் ஒருத்தி மேல்தான் இருக்கும். பாலேயில் 'கோர் த பாலே' என்கிற குழு ஆட்டக்காரர்களின் வேலை அதற்கு நேர் எதிர். 'ஸ்வான் லேக்' என்ற பாலே நாடகத்தின் ஏரிக்கரைக் காட்சியில் பெரிய குழுக்கள் 24 அன்னங்களைக்கூட நிறுத்துவதுண்டு. ஒருத்தியின் தலை விரற்கடை அளவு கூடுதலாகச் சாய்ந்தாலும் வரிசை கெட்டுவிடும். நாயகனும் நாயகியும் ஆடும்போது இவர்கள் ஓரத்தில் ஒரே காலில் பாரம் தாங்கிச் சிலையாக நிற்க வேண்டும். கெண்டைக்கால் பிடித்து இழுத்தாலும் அசையக் கூடாது. ஆடுவதைவிட அந்த நிற்பதுதான் கொடுமை என்பார்கள். 'அமெரிக்கன் பாலே தியேட்டர்' என்ற குழுவில் புகழ்பெற்ற நடனக் கலைஞர் மிஸ்டி கோப்லேண்ட் 2001-இல் இந்த வரிசையில்தான் சேர்ந்தார். தனி நடனங்களுக்கு உயர 2007 ஆயிற்று, முதன்மை நடனக் கலைஞராக 2015. உங்கள் மகளுக்கு ஒரு வருடம்தான் ஆகியிருக்கிறது. "எப்ப முன்னால வருவே?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

காலையில் வகுப்பு. நட்சத்திரமானாலும் புதுப்பெண்ணானாலும் அதே கம்பியைப் பிடித்து, அதே முழங்கால் மடிப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். பிறகு மாலை வரை ஒத்திகை. காட்சி உள்ள நாளில் வீடு திரும்ப நடுராத்திரி ஆகிவிடும். அத்தனை நேரமும் எதிரே கண்ணாடி, காதில் திருத்தங்கள். ஆசிரியர் ஒன்றும் சொல்லாவிட்டால்தான் அங்கே பயம், 'நம்மைக் கைவிட்டுவிட்டாரோ' என்று. அப்படியே வளர்ந்த பிள்ளைக்கு உங்கள் பாராட்டு எப்படி ஏறும்? அன்று தடுமாறிய ஒரு சுழற்சிதான் அவள் மனசில் ஓடிக்கொண்டிருக்கும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது சாப்பாடும் கால் வலியும்தான். உழைப்புக்கு ஏற்றபடி சாப்பிடாத உடம்பில் முதலில் மாதவிலக்கு தப்பும், அப்புறம் எலும்பு பலம் இழக்கும். கோப்லேண்ட் 2012-இல் கீழ்க்கால் எலும்பில் விரிசல்களோடு மேடையேறி, பிறகு அறுவை சிகிச்சை வரை போக வேண்டி வந்தது. சொன்னால் வேடம் கைமாறிவிடும் என்ற அச்சத்தில் வலியை மறைப்பது இந்தத் தொழிலில் சகஜம். உங்கள் பெண்ணுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று தனியாகக் கேளுங்கள். மூன்று மாதமாக வரவில்லை என்றாலோ, எலும்பில் ஒரே இடத்தில் தொட்டால் வலித்தாலோ தள்ளிப்போடாதீர்கள். நடனக் கலைஞர்களுக்கென்றே என்.எச்.எஸ். (பிரிட்டனின் அரசு மருத்துவ சேவை) சிகிச்சைப் பிரிவு உண்டு, உங்கள் குடும்ப டாக்டரிடம் பரிந்துரை கேளுங்கள். ஆட்டத்தை நிறுத்தச் சொல்பவரிடம் வரமாட்டாள், ஆட்டம் தெரிந்த டாக்டரிடம் வருவாள். "மெலிஞ்சுட்டே", "கன்னம் உப்பியிருக்கு" இரண்டையும் வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம். உடம்பைப் பற்றிய பேச்சு அவளுக்கு வெளியிலேயே போதும் போதுமென்று கிடைக்கிறது.

விரல்நுனியில் நின்று ஆடுவதற்கான அந்த ஷூவை ஒருநாள் கையில் வாங்கிப் பாருங்கள். முனையில் இருப்பது மரமல்ல, துணியும் காகிதமும் பசையும் அடுக்கி இறுக்கியது. அடியை வளைத்து முறித்து, முனையில் வழுக்கும் சாட்டினைச் சுரண்டி, தன் பாதத்துக்கு ஏற்ற இடத்தில் நாடா தைத்து அவளே பதப்படுத்த வேண்டும். இவ்வளவும் செய்த ஜோடி சிலசமயம் ஒரே இரவில் துவண்டு போகும். அதனால்தான் தைத்துக்கொண்டே இருக்கிறாள்.

அடுத்த முறை அவள் ஊசியை எடுக்கும்போது பேச்சுக் கொடுக்காமல் பக்கத்தில் போய் உட்காருங்கள். நாடாவின் வெட்டிய முனை பிரியாமலிருக்க நெருப்பில் லேசாகக் காட்டிப் பொசுக்க வேண்டும். அந்த வேலையை உங்களிடம் தரச் சொல்லிக் கேளுங்கள்.