வெளியூர்ப் பயணத்தில் கார் நின்றுவிட்டால் நாமே எதைச் சரிசெய்யலாம், எதைத் தொடக்கூடாது?

சென்னைக்கும் திருச்சிக்கும் இடையில் அடிக்கடி கார் ஓட்டுபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த காரை வழியில் நிறுத்திவிடுபவை பெரும்பாலும் டயர், பேட்டரி, எஞ்சின் சூடு ஆகிய மூன்றுதான். இம்மூன்றிலும் முதலில் செய்ய வேண்டியதை, எஞ்சினைப் பற்றி எதுவும் அறியாதவர்கூடச் செய்துவிட முடியும்.

ஆனால் பழுதைவிட ஆபத்தானது கார் நிற்கும் இடம். நான்குவழிச் சாலையில் பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு, நிற்கும் காரும் ஓடும் காரும் தொலைவிலிருந்து ஒன்றுபோலவே தெரியும். ஆகவே கோளாறு தெரிந்த உடனே இடது ஓரத்துக்கு, முடிந்தால் தார்ச்சாலையை விட்டே கீழே இறக்கி நிறுத்தி, நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிடுங்கள். டிக்கியில் இருக்கும் சிவப்பு முக்கோணத்தைக் காரை ஒட்டி வைத்துப் பயனில்லை; குறைந்தது 50 மீட்டராவது பின்னால், வளைவு இருந்தால் வளைவுக்கு முன்பே வைக்க வேண்டும். உடன் வந்தவர்களை இடப்பக்கக் கதவு வழியாக இறக்கிச் சாலையை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். வலப்பக்கச் சக்கரம் பஞ்சராகி, ஓரமும் குறுகலாக இருந்தால் அங்கே உட்கார்ந்து கழற்றவே வேண்டாம்; பெட்ரோல் பங்க்கோ அகலமான ஓரமோ வரும்வரை மெதுவாக உருட்டிச் செல்லுங்கள். டயரும் ஒருவேளை ரிம்மும் வீணாகலாம். உயிருக்கு முன் அது ஒரு செலவே அல்ல.

டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறியிருந்தால் அதைப் பிடுங்காதீர்கள். பல வேளைகளில் அந்த ஆணியே துளையை அடைத்துக்கொண்டிருக்கும். காற்று அடித்துக்கொண்டு பஞ்சர் கடைவரை மெல்ல ஓட்டிவிடலாம். ஸ்டெப்னி மாற்றியே ஆக வேண்டுமென்றால் சமதரையில் ஹேண்ட்பிரேக் போட்டு, முதல் கியரில் வைத்து, மூலைக்கு மூலை எதிரில் உள்ள சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். நட்டுகளை ஜாக்கி ஏற்றுவதற்கு முன்பே, சக்கரம் தரையில் அழுந்தியிருக்கும்போதே, கால் சுற்று தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு ஸ்பேனரை அழுத்தினால் சக்கரம் சுற்றும், கார் ஜாக்கியிலிருந்து நழுவவும் கூடும். கதவுக்குக் கீழே விளிம்பில் ஜாக்கிக்கென்றே ஒரு வெட்டு இருக்கும். வேறு எங்கே கொடுத்தாலும் தகடு நசுங்கிவிடும். தூக்கிய காருக்கு அடியில் கையையோ காலையோ நீட்டக்கூடாது. மாட்டும்போது நட்டுகளை வரிசையாக அல்லாமல் எதிரெதிராக முடுக்கி, காரை இறக்கிய பின் ஒருமுறை இறுக்கிவிடுங்கள். ஸ்டெப்னி மற்ற டயர்களைவிடச் சிறியதாக இருந்தால் அதன் மேலேயே வேக வரம்பு அச்சிட்டிருக்கும்; பெரும்பாலும் 80 கிலோமீட்டர்தான். 2020-இல் வந்த விதித் திருத்தத்துக்குப் பிறகு, டயர் காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும் பஞ்சர் ஒட்டும் பெட்டியும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்பதால், உங்கள் காரில் அது இருக்கிறதா என்பதையே முதலில் பார்த்துவிடுங்கள்.

சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்ற ஒலி மட்டும் வந்து, டேஷ்போர்டு விளக்குகள் மங்கினால் கோளாறு பேட்டரிப் பக்கம். பேட்டரி செத்துவிட்டது என்று உடனே முடிவு கட்டாமல் பானெட்டைத் திறந்து, பேட்டரியின் மேல் கேபிள்கள் மாட்டியிருக்கும் டெர்மினல்களைப் பாருங்கள். உளுந்தூர்ப்பேட்டை அருகே ஒரு டீக்கடை முன்பு, செல்ஃப் எடுக்காமல் ஒரு குடும்பம் தவித்துக்கொண்டிருந்தது. நெகடிவ் டெர்மினலின் மேல் வெளிறிய பச்சை உப்பு பூத்திருந்தது. கிளாம்பு விரலால் திருப்பினாலே சுழன்றது. கழற்றி, உப்பைச் சுரண்டித் துடைத்து, 10-ஆம் நம்பர் ஸ்பேனரால் முடுக்கியதும் முதல் திருப்பிலேயே எஞ்சின் எடுத்துவிட்டது. அந்த ஸ்பேனர் ஒன்றைக் காரிலேயே போட்டுவைக்கும்படி எல்லாரிடமும் சொல்லி வருகிறேன்.

டெர்மினல் சரியாக இருந்தும் எடுக்கவில்லை என்றால் இன்னொரு காரிலிருந்து ஜம்பர் கேபிள் மூலம் மின்சாரம் வாங்கலாம். இதில் வரிசைதான் முக்கியம்: சிவப்பு கேபிளை முதலில் இறங்கிப்போன பேட்டரியின் பாசிட்டிவிலும் பிறகு நல்ல பேட்டரியின் பாசிட்டிவிலும், கறுப்பு கேபிளை நல்ல பேட்டரியின் நெகடிவிலும் மாட்டி, கறுப்பின் மறுமுனையை உங்கள் எஞ்சினில் பெயின்ட் இல்லாத ஓர் இரும்புப் பாகத்தில், பேட்டரியை விட்டுத் தள்ளிக் கொடுக்க வேண்டும். கடைசி முனையை மாட்டும்போது பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து கசியும் ஹைட்ரஜன் தீப்பற்றாமல் இருக்கவே இந்த விலகல். எடுத்த பிறகு கேபிள்களைத் தலைகீழ் வரிசையில் கழற்றுங்கள். ஓடும்போதே பேட்டரி விளக்கு எரிந்தால், பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரோ அதைச் சுழற்றும் பெல்ட்டோ போயிருக்கிறது. ஏசியையும் பாட்டையும் நிறுத்திவிட்டு, எஞ்சினை அணைக்காமல் அருகிலுள்ள பட்டறைக்குப் போய்விடுவது நல்லது. அதோடு ஸ்டியரிங் கனத்தாலோ சூட்டு முள் ஏறினாலோ பெல்ட் அறுந்திருக்கிறது. அப்போது ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் நிறுத்திவிடுங்கள்.

கோடையில் சூட்டு முள் சிவப்பை நோக்கி ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு அளவில் திறந்துவிடுங்கள். வெயிலில் அது வேதனைதான். ஆனால் எஞ்சினின் சூட்டை உள்ளே இழுத்து வெளியேற்ற உடனடியாகக் கையில் இருக்கும் வழி அதுவே. முள் இறங்காவிட்டால் நிறுத்தி அணைத்துவிட்டு அரை மணி நேரமாவது பொறுத்திருங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறப்பது, விசில் அடங்காத குக்கரைத் திறப்பதைப் போன்றது. கொதிக்கும் கூலண்ட் முகத்தில் பாயும். ஆறிய பின் துணி சுற்றி மெல்லத் திறந்து, குறைந்திருந்தால் குடிநீரையே ஊற்றிப் பட்டறைவரை செல்லலாம். ஊற்றியது கீழே ஒழுகினால் ஓட்டாதீர்கள்.

ஹாரனோ வைப்பரோ மட்டும் வேலை செய்யவில்லை என்றால் ஃபியூஸ் பெட்டியைப் பாருங்கள். அதே ஆம்பியர் ஃபியூஸைத்தான் போட வேண்டும், கம்பியைச் சுற்றி ஒட்டவைத்தால் வயரிங் எரிந்துவிடும்.

தொடவே கூடாதவையும் உண்டு. பிரேக் மிதி தளர்ந்து உள்ளே போனால், சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால், எரிபொருள் வாடை அடித்தால், மின்சார காரில் உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிற கேபிள் கண்ணில் பட்டால் கையை எடுத்துவிடுங்கள். மழைவெள்ளத்தில் அணைந்துபோன காரை மீண்டும் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்; சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்து எஞ்சினே போய்விடும். இத்தகைய நேரத்தில் தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் அதன் உதவி எண்ணான 1033-ஐ அழைத்து, சாலையோரக் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணைச் சொல்லுங்கள். ஊர்ப் பெயரைவிட அதை வைத்து உங்களை விரைவாகக் கண்டுபிடிப்பார்கள்.