ட்ரமடால்: அப்பாவின் கை நடுக்கமும் துபாய்ப் பயணமும்

அப்பாவுக்கு மூட்டு வலிக்கு ட்ரமடால் 50 மி.கி. கொடுத்தும் வலி குறையவில்லை, தூக்கம் போய்க் கை நடுங்குகிறது என்கிறீர்கள். துபாய்ப் பயணத்துக்கு அதை எடுத்துப் போகலாமா என்றும் கேட்கிறீர்கள். மன அழுத்தத்துக்கு ஏற்கெனவே ஃப்ளூஆக்ஸெட்டின் 20 சாப்பிடுகிறார் என்று கடைசி வரியில் சேர்த்திருக்கிறீர்களே, விஷயமே அதுதான்.

ட்ரமடாலின் வலி நீக்கும் வேலையில் பெரும்பங்கு, கல்லீரலில் சிஒய்பி2டி6 (CYP2D6) என்ற நொதி அதை மாற்றி உண்டாக்கும் இன்னொரு வேதிப்பொருளால்தான் நடக்கிறது. ஃப்ளூஆக்ஸெட்டின் அந்த நொதியையே முடக்கிவிடும், வலி அடங்காது. மாறாத ட்ரமடாலோ நார்அட்ரினலின், செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள்களை ஏற்றிவிடும். தூக்கம் கெடுவதும் நடுக்கமும் இதனால் வரலாம். வலி குறையவில்லையே என்று இன்னொரு மாத்திரை போட்டுவிடாதீர்கள், வலிப்பே வரலாம். ஃப்ளூஆக்ஸெட்டினை இன்று நிறுத்தினாலும் பல வாரம் உடம்பில் தங்கும். இரண்டில் எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். எழுதிய மருத்துவரை இன்றே கூப்பிட்டு இரண்டு பெயரையும் சொல்லுங்கள். காய்ச்சல், அதிக வியர்வை, வயிற்றுப்போக்கு, குழப்பம், கால் வெட்டி இழுப்பது இவற்றில் ஏதாவது தெரிந்தால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுதான்.

துபாய்க்கு இந்த மாத்திரையை அப்படியே பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். இந்தியாவில் 2018 ஏப்ரல் முதல் ட்ரமடால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. சீட்டில்லாமல் கடையில் தரக் கூடாது. அமீரகத்திலும் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. மருந்துச்சீட்டை இணைத்து அந்நாட்டு அரசின் இணையதளத்தில் கிளம்பும் முன்பே அனுமதி வாங்க வேண்டும். மருத்துவர் வேறு மருந்துக்கு மாற்றினால் இந்த அலைச்சல் இல்லாமல் போகலாம், ஆனால் ட்ரமடாலைப் போன்ற வலி மருந்தான டாபென்டடாலுக்கு மாற்றினால் அதற்கும் அனுமதி கேட்டுப் பாருங்கள்.